வாரம் ஒரு படம் என்று திட்டம் போடாதீர்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இந்த வருடம்தான் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். 1 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் நான் ஒருத்திதான். வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம், ஏறக்குறைய 40 பிள்ளைகள். பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. வருடத் திட்டத்தை இரண்டு வாரத்தில் எழுதித் தரச் சொல்லிவிட்டார் ஹெச்.எம். இணையத்தில் தேடி, வாரம் ஒன்று என்று வகுப்புக்கு 36 செய்முறைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கானதை இத்துடன் இணைத்திருக்கிறேன். இது போதுமா? ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் முதல் நாளே 'எனக்கு வரையவே வராது மிஸ்' என்று சொல்லிவிட்டார்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதும் புரியவில்லை. எனக்கு வரையத் தெரியும், சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்பதுதான் பயம்.
— ஒரு புதிய ஓவிய ஆசிரியை

பதில்: உங்கள் ஆறாம் வகுப்புத் திட்டத்தைப் பார்த்தேன். முதல் வாரம் பட்டாம்பூச்சி, அடுத்த வாரம் காகித முகமூடி, அப்புறம் நூலை வண்ணத்தில் தோய்த்து இழுப்பது, களிமண் கிண்ணம், சூரிய அஸ்தமனம். எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. கொடுத்தால் ஹெச்.எம். கையெழுத்தும் போட்டுவிடுவார். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 36 வாரத்தையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடுங்கள். கலைந்த வரிசையிலேயே நடத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்றால், உங்கள் கையில் இருப்பது வெறும் செய்முறைப் பட்டியல். பின்னம் நடத்தாமல் சதவீதம் நடத்தச் சொன்னால் கணக்கு டீச்சர் சண்டைக்கு வருவார். உங்கள் 20ஆம் வாரத்துக்கு 8ஆம் வாரம் தேவைப்படவே இல்லையே.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் என் முதல் வருடத் திட்டமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கொழுத்த ஃபைல். பெற்றோர் புரட்டிப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். அதே பிள்ளைகளிடம் மறு வருடம் 'இலைக்கு இரண்டு விதப் பச்சை கலந்து காட்டுங்கள்' என்றேன். பச்சை டப்பா எங்கே மிஸ் என்று கேட்டார்கள்.

அதனால் முதலில் கணக்குப் போடுவோம். காலண்டரில் 36 வாரம் இருக்கிறது, சரி. தேர்வுகளுக்கு நான்கு வாரம் போகும். விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை என்று மூன்று வாரம் போகும். உங்கள் பீரியட் விழும் கிழமையில் விடுமுறை வருவதும், 'போர்ஷன் முடியலை, இந்த ஒரு பீரியட் மட்டும் கொடுங்களேன்' என்று யாராவது வந்து நிற்பதும் சேர்ந்து இன்னொரு மூன்று. மிச்சம் 26. அந்த 40 நிமிடத்திலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பொருள்கள் கைக்குப் போய்ச் சேர ஏழெட்டு நிமிடம், கடைசியில் கழுவித் துடைத்து அடுக்க ஏழெட்டு நிமிடம் போய்விடும். கையில் நிற்பது 25 நிமிடம். 26 பீரியடையும் 25 நிமிடத்தையும் பெருக்கினால் 650 நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு முழு வருடத்துக்குக் கிடைக்கும் ஓவிய நேரம் பதினோரு மணி நேரம்கூட இல்லை. கல்லூரியில் பழம், குடம் என்று அடுக்கி வைத்துப் பார்த்து வரையும் ஒரே ஒரு ஸ்டில் லைஃபுக்கு நீங்கள் இதைவிட அதிகம் செலவழித்திருப்பீர்கள்.

இந்தப் பதினோரு மணி நேரத்தை 36 துண்டாக நறுக்கினால் எதுவும் ஊறாது. நான் மூன்றே விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: பார்த்து வரைவது, வண்ணம் கலப்பது, கையால் உருவம் கட்டுவது. எட்டு வகுப்புக்கும் இதே மூன்றுதான், ஆழம்தான் வேறு. ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் இரண்டு தடவை திரும்பி வருவேன். முதல் சுற்றில் கோட்டுக்கு ஐந்து வாரம், வண்ணத்துக்கு நான்கு, உருவத்துக்கு மூன்று. இரண்டாம் சுற்றில் மூன்று, நான்கு, மூன்று. ஆக 22 வாரம். மீதி நான்கு வாரத்தைத் திட்டத்தில் வெற்றாக விடுங்கள். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமாகப் போவதை 'சுருள் பாடத்திட்டம்' என்பார்கள். ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960இல் அறிவியல், கணக்குப் பாடங்களைப் பற்றி எழுதும்போது முன்வைத்த யோசனை அது. ஓவியத்துக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் ஒரு தடவை சொன்னதும் கை கேட்டுக்கொள்ளாது.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய சவுகரியமும் இருக்கிறது. எட்டு வகுப்பை 26ஆல் பெருக்கினால் 208 பாடம். அத்தனைக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் இரண்டு வாரம் இல்லை, இரண்டு மாதம் போதாது. அதனால் 1–2, 3–5, 6–8 என்று மூன்று திட்டம் மட்டும் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எல்லா வகுப்புக்கும் பொருள் ஒன்றாக இருக்கட்டும், கேள்வி மட்டும் மாறட்டும். வண்ண வாரம் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோருக்கும் போஸ்டர் கலர்தான். ஒன்றாம் வகுப்பு மஞ்சளையும் நீலத்தையும் வைத்துக்கொண்டு எத்தனை பச்சை கிடைக்கிறது என்று தேடும். நான்காம் வகுப்பு ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஐந்து படியாகக் கலக்கும். எட்டாம் வகுப்பு கறுப்பைத் தொடாமல் நிழலுக்கு நிறம் கண்டுபிடிக்கும். ஆரஞ்சுக்குள் கொஞ்சம் நீலம், சிவப்புக்குள் கொஞ்சம் பச்சை. டப்பா, பிரஷ், தண்ணீர் எல்லாம் மேசையிலேயே இருக்கும். பீரியடுக்குப் பீரியட் அலமாரிக்கு ஓடிக்கொண்டிருந்தால் வருடம் தாண்டுவதற்குள் உங்கள் முழங்கால் போய்விடும்.

வண்ணக் கலவையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பச்சை கலக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நீலத்தைத் தாராளமாக எடுத்து வைப்பார்கள். அதில் மஞ்சளைச் சேர்ப்பார்கள். ஒன்றும் மாறாது. இன்னும் மஞ்சள், இன்னும் மஞ்சள். கடைசியில் மஞ்சள் டப்பா காலியாகியிருக்கும், பேலட்டில் நீலச் சகதி கிடக்கும். வெளிர் நிறத்தை முதலில் வைத்து, அடர் நிறத்தை பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் செய்தே காட்ட வேண்டும். வெள்ளைக்கும் இதே விதிதான்: வெள்ளைக்குள்தான் நிறம் போக வேண்டும். நாற்பது பிள்ளைகள் இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் வருடத்துக்கு வாங்கும் வண்ணத்தில் கணிசமாக மிச்சமாகும். ஹெச்.எம்.மிடம் சொல்லிக்கொள்ளவும் உதவும்.

ஊதா இன்னொரு வம்பு. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைத் தொடங்குவீர்கள். பள்ளி வாங்கி வைத்திருப்பது ஆரஞ்சு பக்கம் சாய்ந்த சிவப்பாக இருந்தால் நாற்பது தாளிலும் காபிப்பொடி நிறம்தான் வரும். அந்தச் சிவப்புக்குள் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் கூடினால் நிறம் மங்கித்தான் போகும். இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்த கிரிம்சன் மாதிரி சிவப்பில்தான் ஊதா தெளிவாக வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம். ஏழாம் வகுப்புக்கோ இதுவே ஒரு பாடம். இரண்டு சிவப்பையும் கொடுத்து, எது ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க விடுங்கள். அதற்கு முன் முந்தின நாளே நீங்கள் தனியாகக் கலந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டில் சரியாக வந்தது என்பது கணக்கில் சேராது. பள்ளி டப்பாவில், பள்ளி பிரஷ்ஷில் வர வேண்டும்.

குழாயில் தண்ணீர் வராத நாளுக்கும் ஒரு வண்ணப் பாடம் கைவசம் வைத்திருங்கள். ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பிறகு 1933இல் அமெரிக்கா போய்ப் பல வருடம் வண்ணம் கற்றுக் கொடுத்த யோசெஃப் ஆல்பெர்ஸ், மாணவர்களுக்குப் பெயின்ட்டை விட வண்ணக் காகிதத்தையே அதிகம் கொடுத்தார். ஒரே சாம்பல் தாளில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் மேலும், மற்றதை வெள்ளைத் தாளின் மேலும் வையுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒன்றைத் தூக்கி மற்றதன் பக்கத்தில் வைக்கும்போது வகுப்பே எழுந்து நிற்கும். கத்தரிக்கோலும் பசையும் போதும், யார் சட்டையும் அழுக்காகாது.

சரி, ஏழாம் வகுப்புக்கு வருவோம். 'எனக்கு வராது' என்பதை அவர்கள் சோம்பலில் சொல்லவில்லை. குழந்தைகளின் படங்களைப் பல காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் அவற்றை வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார். தோராயமாக நான்கு வயது வரை கிறுக்கல். ஏழு வரை தலையிலிருந்தே கை, கால் முளைக்கும் மனிதர்கள், தாளில் அந்தரத்தில் மிதக்கும் பொருள்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை அடியில் ஒரு தரைக்கோடு, மேலே ஒரு நீலப் பட்டையாக வானம், மரம் என்றால் எப்போதும் அதே மரம். ஒன்பதுக்கு மேல் 'நிஜத்தில் இப்படி இல்லையே' என்ற ஒப்பீடு தொடங்குகிறது. பன்னிரண்டில் கண் கையைத் தாண்டி ஓடிவிடுகிறது. தன் படம் சரியில்லை என்று தெரிகிற அளவுக்குப் பார்வை கூர்மையாகிவிட்டது, சரி செய்யும் பழக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. வராது என்று சொல்கிற பிள்ளைக்கு நன்றாகப் பார்க்கத் தெரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வயதுக் கணக்கு ஒரு வழிகாட்டிதான், எல்லாப் பிள்ளையும் பிறந்தநாளன்று படி ஏறிவிடுவதில்லை. ஆனாலும் திட்டம் போட ரொம்ப உதவும். உங்கள் இணைப்பில் மூன்றாம் வகுப்புக்கு 'மறையும் புள்ளியுடன் சாலை' என்று ஒரு குறிப்பு பார்த்தேன். தூரம் போகப் போகக் கோடுகள் ஒரே புள்ளியில் குவிகிற அந்த முறை இப்போது வேண்டாமே. புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் அதைச் செய்து காட்டியது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அத்தனை ஆயிரம் வருடமாக உலகம் அது இல்லாமலும் அருமையாக வரைந்துகொண்டுதான் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஏழாம் வகுப்பு வரை காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. அதே மாதிரி, வானம் ஏன் மேலே மட்டும் பட்டையாக இருக்கிறது, கீழே வரை இறக்கு என்று இரண்டாம் வகுப்பில் திருத்தாதீர்கள். ஒருமுறை நான் திருத்தப் போனபோது ஒரு பெண் ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்: 'வானம் மேலதான் மிஸ் இருக்கு. நடுவுல காத்து.' பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஏழாம் வகுப்பின் முதல் ஐந்து வாரத்துக்கு வண்ணமே வேண்டாம். தொடங்க வேண்டியது அவரவர் கையிலிருந்து. வரையாத கையை மேசை மேல் வைத்து, அதையே பார்த்து, தாளைப் பார்க்காமல் வரைய வேண்டும். திருட்டுத்தனமாகத் தாளைப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய நோட்டு அட்டையை உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பென்சிலைச் செருகச் சொல்லுங்கள். குடை பிடித்த மாதிரி வரையும் கையையும் கோட்டையும் மறைத்துவிடும். கண் விரலின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் ஊர வேண்டும். ஐந்து நிமிடம், பேச்சு கிடையாது. அட்டையை எடுத்ததும் சிரிப்பு வெடிக்கும். எல்லோர் கையும் நசுங்கிய நண்டு மாதிரி இருக்கும். வகுப்பிலேயே நன்றாக வரைகிற பையனுடையதும் அப்படித்தான் இருக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வருடம் கடைசி பெஞ்சில், 'வராது' கூட்டத்தின் தலைவன் மாதிரி ஒருவன் இருந்தான். சிரித்து முடித்துவிட்டுத் தாளை மறுபடி பார்த்தவன் சொன்னான்: 'கட்டை விரல் மடிப்புல மூணு கோடு இருக்கு மிஸ். நான் பார்த்ததே இல்ல.' அந்த மூன்று கோடும் அவன் தாளில் சரியான இடத்தில் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாற்காலியை மேசை மேல் ஏற்றி வையுங்கள். நாற்காலியை வரையச் சொல்லாதீர்கள். கால்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே தெரியும் ஓட்டைகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஓட்டைக்கு மனதில் தயாராக ஒரு படம் இல்லாததால் பிள்ளைகள் வேறு வழியில்லாமல் உண்மையிலேயே பார்ப்பார்கள். ஓட்டைகள் சரியாக வந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். அதற்கடுத்த வாரம் ஒரு கோட்டோவியத்தின் நகலைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைய விடலாம். இதுவும் அதே உத்திதான். ஐந்தாம் வாரம் மறுபடி கை, இந்தத் தடவை தாளைப் பார்த்துக்கொண்டே. முதல் வாரத் தாளையும் இதையும் தேதி போட்டு ஒரே ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இதே கை, இதே ஐந்து நிமிடம். மதிப்பெண் பேசும்போது இந்தத் தாள்கள் தேவைப்படும்.

இனி நடைமுறை. என் முதல் வருடம் மூன்றாவது வாரமே ஐந்தாம் வகுப்பில் போஸ்டர் கலரை இறக்கினேன். 42 பிள்ளைகள், வராந்தாக் கடைசியில் ஒரே ஒரு குழாய், ஆளுக்கொரு பெரிய தாள். மணி அடித்தபோது பதினைந்து பேர் குழாயடியில், மிச்சப் பேர் சொட்டச் சொட்டத் தாளைப் பிடித்துக்கொண்டு நடுவில். வாசலில் அடுத்த பீரியட் டீச்சர். நான் தாள்களை வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். மறுநாள் அது ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரைத் தாளின் முன்பக்கம் எழுதியிருந்தவர்களின் பெயர் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது. எந்தப் படம் யாருடையது என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது.

அதனால் முதல் சுற்றில் வறண்ட வாரங்கள்தான் முன்னால் வர வேண்டும். அந்த ஐந்து வாரத்தில் பிள்ளைகளுக்கு உங்கள் குரலும், எழுந்திருக்கும், எடுக்கும், வைக்கும் ஒழுங்கும் பழகிவிடும். தண்ணீர் அதற்குப் பிறகு வரட்டும். நான்கு பேருக்கு இரண்டு டப்பா தண்ணீர்: ஒன்று கழுவ, ஒன்று அலச. குழாய்க்குப் போக மேசைக்கு ஒருவர் மட்டும். பெயர் தாளின் பின்பக்கம், முதல் நிமிடத்திலேயே. சுவரோடு ஒரு கயிறு, துணிக் கிளிப்புகள். தாளைச் சின்னதாக்குங்கள். ஏ3 தாளை 25 நிமிடத்தில் ஒரு பிள்ளை நிரப்ப முடியாது. பாதியில் விட்டதாகவே எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஏ4, பல நாள் அதிலும் பாதி, நிறைவாக முடியும். சாதாரணப் பிரின்டர் தாள் பெரும்பாலும் 80 ஜி.எஸ்.எம்.தான், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. தண்ணீர் பட்டதும் சுருண்டுகொள்ளும். வாட்டர் கலருக்கு 200க்கு மேல் இருந்தால் நல்லது. வாங்கித் தர மாட்டார்கள் என்றால் வண்ண வாரங்களுக்கு மட்டும் கேளுங்கள், தருவார்கள்.

களிமண்ணுக்கு இரண்டே எச்சரிக்கை. கைப்பிடியைக் கிண்ணத்தில் சும்மா அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் கீறி, சேற்றுக் குழம்பு தடவித்தான் ஒட்ட வேண்டும். காய்ந்த மண் தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, திட்டத்திலும் இல்லை. காட்டுங்கள், ஆனால் 'உலகப் புகழ் ஓவியர்கள்' என்று தனி பாடமாக வேண்டாம். அந்த வார வேலைக்குத் தேவைப்படும் ஒரே ஒரு படம், பத்து நிமிடம். ஐந்து படிக் கலவை வாரத்துக்கு நான் எப்போதும் எடுப்பது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் செய்த 'பெரிய அலை' என்ற அச்சுப் படம். எதுவும் விளக்க மாட்டேன். 'என்ன தெரிகிறது?' என்று கேட்பேன், சொன்னதும் 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?' என்பேன். அலை என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் படகைக் கண்டுபிடிப்பார், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. படகுக்குள் குனிந்து கிடக்கும் ஆட்கள். கடைசியில்தான் யாராவது ஒருவர் நடுவில் இருப்பது இன்னொரு அலை இல்லை, பனி மூடிய மலை என்பார். அதன் பிறகு தாளை நீட்டி, நிஜப் படம் ஏறக்குறைய 26க்கு 38 செ.மீ.தான், நம் ஏ3 தாளை விடச் சின்னது என்று சொன்னால் வாய் பிளப்பார்கள். இதில் எத்தனை நீலம் என்று எண்ணச் சொல்லுங்கள். பிரஷ்ஷை எடுக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது.

மதிப்பெண். அழகுக்குப் போடாதீர்கள். அழகுக்குப் போட்டால் வீட்டில் தனி வகுப்புக்குப் போகிற மூன்று பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கப் பத்துக்குப் பத்து கிடைக்கும், மற்றவர்கள் இரண்டாம் மாதமே கையைக் கட்டிக்கொள்வார்கள். அந்த வாரம் கேட்டது என்னவோ அதற்கு மட்டும் போடுங்கள். ஐந்து படி கேட்டீர்களா? ஐந்தும் தனித்தனியாகத் தெரிகிறதா, வரிசையாக இருக்கிறதா? பிள்ளையே எண்ணிப் பார்த்துத் தன் மதிப்பெண்ணைச் சொல்லிவிட முடிய வேண்டும். பருவக் கடைசியில் தேதி போட்ட கைகளை மேசையில் வரிசையாகப் பரப்பச் சொல்லுங்கள். முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது என்று அவர்களே இரண்டு வரி எழுதட்டும். பெற்றோர் கூட்டத்தில் நான் காட்டுவது அதைத்தான். அலங்காரம் பண்ணின ஃபைலை ஒரு நிமிடம் பார்ப்பார்கள், இந்தக் கைகளை வைத்து நெடுநேரம் பேசுவார்கள்.

சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்ற உங்கள் பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கு வகுப்பில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. பிள்ளையின் தாளில் பென்சிலை வைத்து 'இதோ பார்' என்று மூக்கைத் திருத்திவிடுவோம். அந்த நொடியிலிருந்து அது அவன் படம் இல்லை, அவனுக்கும் அது தெரியும். காட்ட வேண்டியதை உங்கள் தாளில் காட்டுங்கள், இரண்டு நிமிடம், பேசிக்கொண்டே, ஒரு தப்பும் செய்து அதைச் சமாளித்தும் காட்டுங்கள். காட்டி முடித்ததும் தாளை எடுத்து ஒளித்து வையுங்கள். பலகையில் விட்டுவைத்தால் நாற்பது நகல் கிடைக்கும், இரண்டு மலைக்கு நடுவே சூரியன் கிடைப்பது மாதிரி. 1897இலேயே வியன்னாவில் குழந்தைகளுக்கென்று தனி ஓவிய வகுப்பு நடத்திய ஃபிரான்ஸ் சிஷெக், பெரியவர்களின் முறைகளைக் குழந்தைகள் மேல் திணிக்காதீர்கள் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நான் அவரோடு பாதி தூரம்தான் போவேன். சின்ன வகுப்புகளில் அவர் சொல்வது சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 'உனக்குப் பிடித்ததை வரை' என்று தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், அவள் மறுபடி பழைய மலையையும் சூரியனையும்தான் வரைவாள், வேறு வழி அவளுக்கு யாரும் காட்டவில்லையே.

இப்போது அந்த நான்கு வெற்று வாரம். ஆண்டு விழாவுக்கு மேடைப் பின்னணி, நுழைவாயில் சார்ட், வரவேற்புப் பலகை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். மறுக்க முடியாது, புதிதாகச் சேர்ந்தவர் மறுக்கவும் வேண்டாம். அதற்கு இரண்டு வாரத்தைத் திட்டத்திலேயே காட்டிவிடுங்கள், மேலே ஒன்று கேட்டால் 'எந்த வாரத்தை எடுக்கட்டும்?' என்று திட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். மிச்சம் இரண்டு, சரியாக வராமல் போன பாடத்துக்கு. நிச்சயம் ஒன்றாவது வராமல் போகும். ஹெச்.எம்.முக்குக் கொடுப்பது மூன்று தாள்: வகுப்புத் தொகுதிக்கு ஒன்று. அதில் எந்த வாரம், பிள்ளை எதைச் செய்யப் பழகும், என்ன பொருள் என்ற மூன்று பத்தி. 'பட்டாம்பூச்சி' என்ற சொல் எங்கும் வர வேண்டாம். பட்டாம்பூச்சியே வரையலாம், ஐந்து படி நீலத்தில் வரைந்தால் ஜோராகவும் இருக்கும். ஆனால் திட்டத்தில் 'ஒரு நிறத்தை ஐந்து படியாகக் கலத்தல்' என்று எழுதுங்கள்.

எழுத உட்காருவதற்கு முன், பள்ளி அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்பு டப்பாவில் ஊதா வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குழாயிலிருந்து உங்கள் மேசைக்கு எத்தனை அடி என்றும் ஒருமுறை நடந்து பாருங்கள். வண்ண வாரம் தொடங்கும் திங்கட்கிழமை வெளிர் நிறப் புடவை வேண்டாம்.